இரவு இரண்டரை மணி, ஆறு பேர், ஒரே படிக்கட்டு: ஒரு வீட்டின் தீத்தப்புத் திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் வீடும் குடும்பமும் மாதிரிக்காக அமைத்துக்கொண்டவை. அளவுகளும் நொடிக் கணக்குகளும் அந்த வீட்டுக்காகப் போட்டவை. வீட்டின் குறைகள் மட்டும் கற்பனையல்ல. வீடுகளைச் சுற்றிப் பார்த்துத் தப்பும் வழியைக் கணக்கிடும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற குறைகளையே ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்திருக்கிறோம்.

வீட்டில் ஆறு பேர். கைத்தடி ஊன்றி நடக்கும் 76 வயதுப் பாட்டி, அப்பா, அம்மா, 13 வயது அக்கா, 7 வயதுத் தம்பி, எட்டு மாதக் கைக்குழந்தை. கீழ்த்தளத்தின் முன்பக்கம் ஹால். அதை ஒட்டிப் பின்னால் ஒரு சிறிய நடை. நடையின் ஒரு பக்கம் பாட்டியின் அறை, கோடியில் சமையலறை, சமையலறையிலிருந்து பின்கட்டுக்கு ஒரு கதவு. ஹாலுக்கும் நடைக்கும் நடுவே நிலை மட்டும் இருக்கிறது, கதவு இல்லை. படிக்கட்டு ஹாலிலிருந்தே மேலே ஏறுகிறது. மேல்தளத்தில் படி முடியும் இடத்தில் மூன்று மீட்டர் அகல முற்றம். பின்பக்க அறையில் அப்பா, அம்மா, கைக்குழந்தை. பால்கனியுள்ள முன்பக்க அறையில் அக்காவும் தம்பியும். எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கிரில் உண்டு. வாசலில் மரக்கதவு, அதற்கு வெளியே மடக்குக் கிரில் கேட். இரவில் கிரில் கேட்டுக்குப் பூட்டு, தெருக் கேட்டுக்கு இன்னொரு பூட்டு.

தீ தொடங்கும் இடம் ஹாலின் சோபா. பக்கத்தில் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதில் இரவு முழுக்கச் சார்ஜ் ஏறும் சாதனங்கள். நேரம் இரவு இரண்டரை.

சோபாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வீட்டில் அதிகம் எரியக்கூடிய பொருள் குவிந்திருக்கும் இடம் பெரும்பாலும் ஹால்தான். நுரைமெத்தை, திரைச்சீலை, பிளாஸ்டிக், பிளைவுட் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இந்த வீட்டில் படிக்கட்டும் அங்கேதான் இறங்குகிறது, வாசலும் அங்கேதான் இருக்கிறது. மேலே தூங்கும் ஐந்து பேருக்கும் இருக்கிற ஒரே வழி, தீ பிடிக்க எல்லா வாய்ப்பும் உள்ள அறையின் ஊடாகப் போகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் திட்டத்தில் பாதி முடிந்த மாதிரி.

கையில் எத்தனை நொடி

நிஸ்ட் எனப்படும் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2004இல் வெளியிட்ட வீட்டுத் தீ சோதனை அறிக்கை ஒரு பழைய கணக்கைப் புரட்டிப்போட்டது. 1970களின் சோதனைகளில், சுடர்விட்டு எரியும் தீயில் வீட்டுக்குள் இருப்பவர் தப்ப ஏறத்தாழ 17 நிமிடம் கிடைத்தது. புதிய சோதனைகளில் அது ஏறத்தாழ 3 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. யுஎல் எனப்படும் அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனைக்கூடத்தில் இன்றைய நுரைமெத்தை, செயற்கை இழைப் பொருள்கள் நிறைந்த கூடத்தையும், பஞ்சும் மரமும் நிறைந்த அந்தக்கால அறைகலன் போட்ட கூடத்தையும் அருகருகே எரித்துப் பார்த்தார்கள். இன்றைய கூடம் ஐந்து நிமிடத்துக்குள் முழுவதும் பற்றிக்கொண்டது. பழைய கூடத்துக்கு அரைமணி நேரம் பிடித்தது.

முழுவதும் பற்றுவது என்றால், கூரையடியில் தேங்கிய புகைப்படலம் 500, 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறி, அந்த அனலில் அறையிலுள்ள அத்தனை பொருளும் ஒரே வீச்சில் தீப்பிடிப்பது. அந்த அறையில் இருப்பவர் யாரும் பிழைக்க முடியாது. ஆனால் பக்கத்து அறைகளுக்கு ஆபத்து அதற்கு வெகுமுன்பே, புகையாக, வந்து சேர்ந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நுரைமெத்தை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும். தூங்குகிறவரைப் புகைநாற்றம் எழுப்பிவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது. தூக்கத்தில் மோப்பம் மங்கிவிடும். புகையோ தூக்கத்தை இன்னும் ஆழமாக்கும்.

மூன்று நிமிடத்தில் முதல் ஒரு நிமிடம், அலாரம் புகையை உணர்ந்து அடிக்கும் முன்பே போய்விட்டது என்று வைத்துக்கொண்டோம். மீதி 120 நொடி. அலாரமே இல்லாவிட்டால் கணக்குப் போட எதுவும் இல்லை.

முதல் திட்டம் எங்கே உடைந்தது

குடும்பத்தின் மனத்தில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. எழுதி வைக்காவிட்டாலும் எல்லா வீட்டிலும் இருக்கும் திட்டம்தான் அது: அப்பா எழுந்து எல்லாரையும் எழுப்புவார், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்குவார், பாட்டியைத் தாங்கிப் பிடிப்பார், வாசலைத் திறப்பார்.

நொடிக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். அப்பா விழித்து நிலைக்கு வர 15 நொடி. குழந்தையுடன் அம்மா கிளம்ப 15. முன்னறைக்குப் போய் இருவரையும் எழுப்ப 30. படியிறங்க 20. பாட்டியை எழுப்பி, உட்காரவைத்து, நிறுத்தி, வாசல்வரை நடத்திவர 60. சாவியைத் தேடி எடுக்க 30. பூட்டைத் திறக்க 15. ஆக 185 நொடி. எதுவுமே தவறாமல் நடந்தாலும் 65 நொடி பற்றாது. இதில் படியிறங்கும் 20 நொடியும், ஹாலைக் கடக்கும் நேரமும் தீயின் பக்கத்திலேயே கழிகின்றன. நெருப்புள்ள அறையிலிருந்து மேலே போகும் படிக்கட்டு புகைபோக்கி மாதிரிதான். புகை முதலில் நிரப்புவது படியின் உச்சியை, அதாவது பிள்ளைகளின் அறை வாசலை.

சாவிக்கு ஒதுக்கிய 45 நொடி மிகக் குறைவு. ஒரு கொத்தில் ஏழு சாவி. மூன்று ஒரே அளவு, ஒரே பித்தளை நிறம். பகலில் பார்த்து எடுக்கும் சாவியை இருட்டில் விரல் எடுக்காது. அதோடு பூட்டு கிரில் கேட்டின் வெளிப்பக்கம் தொங்குகிறது. கம்பிச் சந்து வழியே கையை விட்டு, மணிக்கட்டைத் திருப்பி, சாவித் துவாரத்தைத் தடவித் தேடி, சாவியை நுழைக்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கண் எரியாமல், மூச்சு முட்டாமல், நின்ற இடத்தில் நின்று ஒருமுறை செய்து பாருங்கள். எத்தனை முறை சாவி தலைகீழாகப் போகிறது என்று எண்ணுங்கள். திருடன் உள்ளே வரக் கூடாது என்று போட்ட பூட்டு, உள்ளே இருப்பவர் வெளியேற மட்டும் ஒரு நொடியில் திறக்க வேண்டும். அப்படி அமைக்காத பூட்டால் வீடு கூண்டாகிவிடுகிறது. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பின்கதவைக் கணக்கில் யாரும் எடுத்துக்கொள்ளவே இல்லை. மேல்தாழ்ப்பாள் 1.9 மீட்டர் உயரத்தில், துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கதவை ஒட்டி இரண்டு தண்ணீர்க் குடம், ஒரு பழைய அலமாரி. வெளியே பின்கட்டு நாலுபுறமும் சுவர். தெருவுக்குப் போக வீட்டின் பக்கவாட்டில் 90 சென்டிமீட்டர் அகலச் சந்து உண்டு, ஆனால் அதில் பழைய சைக்கிள், மரச்சட்டங்கள். சந்தின் முனையில் பூட்டிய கேட். வெளியே வந்தும் தெருவை எட்ட முடியாத வழி, வழி ஆகாது.

யாரும் யாரையும் தேடித் தீயைக் கடக்கக் கூடாது

இரண்டாம் திட்டத்துக்கு நாங்கள் வைத்த அடிப்படை இதுதான். மேல்தளம் கீழ்த்தளத்தை நம்பாமலும், கீழ்த்தளம் மேல்தளத்தை நம்பாமலும் வெளியேற வேண்டும். அப்பா மேலே, பாட்டி கீழே, நடுவே தீ என்று ஆனால், அப்பா இறங்காமல் இருக்க மாட்டார். "புகைக்குள் போகாதே" என்று காகிதத்தில் எழுதி வைப்பதால் அவர் கால் நிற்காது. பெற்ற தாயைவிட்டு ஜன்னல் வழியே இறங்கு என்று ஒரு மகனிடம் சொல்லும் திட்டத்தை அந்த இரவில் யாரும் கடைப்பிடிக்க மாட்டார்கள். அப்படி ஒரு முடிவை அவர் எடுக்க வேண்டிய நிலையே வராதபடி வீட்டை மாற்ற வேண்டும்.

மாற்றம் சிறியது, செலவும் இல்லை. அப்பா இரவில் பாட்டியின் அறையில் படுக்கிறார். இனி தளத்துக்கு ஒரு பெரியவர். முதலில் அக்காவைப் பாட்டியின் அறையில் படுக்கவைக்கலாமா என்று யோசித்தோம், கைவிட்டோம். 13 வயதுப் பிள்ளை கதவைத் திறப்பாள், முன்னால் ஓடுவாள். ஆனால் எழ முடியாத ஒருவரை எழுப்பி நடத்தும் பொறுப்பை அவள் தலையில் வைப்பது நியாயம் இல்லை. அப்பா வெளியூர் போகும் இரவுகளில் அம்மாவும் பிள்ளைகளும் கீழே பாட்டியின் அறையில் படுக்க வேண்டும். இதையும் திட்டத்தில் எழுதியாக வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாத இரவில் செல்லாமல் போகும் திட்டங்களே அதிகம்.

கீழ்த்தளத்தின் புதிய வழி: பாட்டியின் அறை, நடை, சமையலறை, பின்கதவு, பக்கச் சந்து, தெரு. கட்டிலிலிருந்து பின்கதவுவரை 8 மீட்டர். பாட்டியின் நடை நொடிக்கு 0.4 மீட்டர், ஆக 20 நொடி. அப்பா விழிக்க 15, பாட்டி எழுந்து நிற்க 25, கதவு திறக்க 5. மொத்தம் 65 நொடி. 120க்குள் நிதானமாக அடங்குகிறது. பாட்டியின் கண்ணாடி, கைத்தடி, செருப்பு மூன்றும் கட்டிலின் இறங்கும் பக்கத்தில், கை எட்டும் இடத்தில், தினமும் அதே இடத்தில் இருந்தால்தான் அந்த 25 நொடி நிற்கும். கண்ணாடி மேசை டிராயருக்குள் போன இரவில் அது 50 ஆகும்.

ஹாலுக்கும் நடைக்கும் நடுவில் இருந்த வெற்று நிலைக்கு ஒரு திடமான மரக்கதவு போட்டோம். இந்த வீட்டில் செய்த எல்லா வேலையிலும் அதிகப் பலன் தருவது இதுதான் என்போம்.

கதவு

மூடிய கதவு எவ்வளவு தாங்கும் என்பதை யுஎல் சோதனைகள் நேரடியாகக் காட்டின. ஒரே தீ, ஒரே வீடு. கதவு திறந்திருந்த படுக்கையறையில் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. கதவு மூடியிருந்த அறையில் 40 டிகிரியை ஒட்டியே நின்றது. சாதாரண வீட்டுக் கதவுதான் அது, தீத்தடுப்புக் கதவு அல்ல.

இதன் மறுபக்கத்தை 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்ஸில் நடந்தது காட்டுகிறது. 19 மாடிக் குடியிருப்பு. கீழ்த்தளங்களில் ஒரு வீட்டில் மின்சார அறைச்சூடாக்கியிலிருந்து தீ. வீட்டார் தப்பி ஓடினார்கள். தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவு மூடவில்லை. மேல்தளம் ஒன்றில் படிக்கட்டுக் கதவும் திறந்து நின்றது. எரிந்தது பெரும்பாலும் அந்த வீடும் அதன் வெளிநடையும்தான். புகையோ படிக்கட்டு வழியே கட்டிடம் முழுக்க ஏறியது. எட்டுக் குழந்தைகள் உட்பட 17 பேர் இறந்தார்கள். வெளியே ஓடும்போது பின்னால் கதவைச் சாத்துவது மேலே இருப்பவர்களுக்குச் செய்யும் பேருதவி. அடுக்குமாடியில் வசிப்பவர்கள் இதை ஒத்திகையில் கையால் செய்து பழக வேண்டும். தானாக மூடும் கதவுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துவதை யார் செய்தாலும் கேட்க வேண்டும்.

ஆகவே இந்த வீட்டில் இரவில் எல்லா அறைக் கதவும் மூடப்படும். உடனே வரும் கேள்வி: மூடினால் அலாரம் கேட்குமா? ஹாலில் அடிக்கும் ஒற்றை அலாரம், மூடிய கதவுக்குப் பின்னால் தூங்கும் பிள்ளைக்குக் கேட்காமல் போகலாம். அதனால் அறைக்கு ஒன்று, ஹாலில் ஒன்று, நடையில் ஒன்று, மேல் முற்றத்தில் ஒன்று என ஆறு புகை அலாரம். ஒன்று அடித்தால் ஆறும் அடிக்கும்படி ஒன்றோடொன்று இணைந்தவை. கூரையில் பொருத்துவது நல்லது. சுவரில்தான் முடியும் என்றால் கூரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள். அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி. சமையலறைக்குப் பக்கத்தில் ஒளியால் புகையை உணரும் வகையைத் தேர்ந்தோம், தாளிக்கும்போது தேவையின்றி அலறுவது அதில் குறைவு. இது வசதிக்காக மட்டும் சொல்வதல்ல. சமைக்கும்போது ஓயாமல் அடிக்கும் அலாரத்தின் பேட்டரியை யாராவது ஒருநாள் கழற்றிவிடுவார்கள், திரும்பப் போட மாட்டார்கள். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். பத்து வருடம் ஆனால் நன்றாக அடித்தாலும் மாற்ற வேண்டும்.

பாட்டிக்கு உயர்ந்த சுருதி காதில் விழுவதில்லை. வழக்கமான அலாரம் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிக் கீச்சிடும். 520 ஹெர்ட்ஸ் தாழ்சுருதி அலாரம் காது மந்தமானவர்களையும் பிள்ளைகளையும் நன்றாக எழுப்புகிறது. பாட்டியின் அறையிலும் பிள்ளைகள் அறையிலும் அதைப் பொருத்தினோம்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று உண்டு. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 6 முதல் 12 வயதுவரை உள்ள 24 பிள்ளைகளை ஆழ்ந்த தூக்கத்தில் சோதித்தார்கள். சாதாரண அலாரத்துக்கு எழுந்தவர்கள் 14 பேர். பெயர் சொல்லிக் கூப்பிடும் பெற்றோர் குரலைப் பதிவுசெய்த அலாரத்துக்கு எழுந்தவர்கள் 23 பேர். தம்பி வயதுப் பிள்ளை தானாக எழுவான் என்று திட்டம் போடக் கூடாது. அவனை எழுப்புவது அக்காவின் வேலை. முடிந்தால் குரல் பதியும் அலாரம் வாங்கி அம்மாவின் குரலில் அவன் பெயரைப் பதிந்து வையுங்கள்.

மேல்தளத்தின் வழி

முதலில் எல்லாரும் காட்டிய இடம் பால்கனி. பார்வைக்கு அதுதான் வசதி. ஆனால் பால்கனிக்கு நேர் கீழே ஹாலின் பெரிய ஜன்னல். ஹால் பற்றினால் கண்ணாடி வெடித்து, தீ அந்த ஜன்னல் வழியே வெளியே பீறிட்டு மேலே நக்கும். ஏணி அந்தத் தீக்கு முன்னால் தொங்கும். ஏணி வாங்கும் முன் அது தொங்கப்போகும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று வெளியே போய் நின்று பார்க்க வேண்டும்.

பின்னறை ஜன்னலுக்குக் கீழே வெற்றுச் சுவர், பின்கட்டுத் தரை. ஆகவே வழி அதுதான். அந்த ஜன்னலின் கிரிலில் ஒரு பகுதியை அறுத்து, கீல் வைத்து, உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் தாழ்ப்பாள் போட்டோம். திறப்பு 60 சென்டிமீட்டர் அகலம், 90 உயரம், அதாவது 0.54 சதுர மீட்டர். அமெரிக்க வீட்டுக் கட்டட விதி அவசர வழி ஜன்னலுக்கு 0.53 சதுர மீட்டர் கேட்கிறது. அதே விதியில் குறைந்தபட்ச அகலம் 51 சென்டிமீட்டர், உயரம் 61 என்று இருக்கும். பலர் இந்த இரண்டையும் மட்டும் பார்த்து 51க்கு 61 என்று அறுத்துவிடுவார்கள். அது 0.31 சதுர மீட்டர்தான். குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு ஓர் ஆள் அதில் நுழைவது மிகச் சிரமம்.

கொக்கி மாட்டித் தொங்கவிடும் மடக்கு ஏணி வாங்கப் போனால், இரண்டு தள வீட்டுக்கு என்று 13 அடி ஏணியைக் காட்டுவார்கள். 13 அடி என்றால் 3.96 மீட்டர். வீட்டில் மேல்தளத் தரை உள்ளே இருந்து 3.2 மீட்டர்தான். போதும் என்று தோன்றும். ஆனால் வீடு அரை மீட்டர் அடித்தளத்தின் மேல் நிற்கிறது. ஜன்னல் விளிம்பு தரையிலிருந்து இன்னும் 90 சென்டிமீட்டர் மேலே. ஆக வெளித்தரையிலிருந்து 4.6 மீட்டர். ஏணியின் கடைசிப் படிக்கும் தரைக்கும் 64 சென்டிமீட்டர் இடைவெளி. பெரியவர் காலை நீட்டினால் எட்டிவிடும். தம்பிக்கு எட்டாது, அங்கேயே தொங்கிக்கொண்டு அழுவான். கீழே ஒருவர் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது நீள ஏணி வேண்டும். கொக்கியின் வாய் ஜன்னல் சுவரின் தடிமனுக்குப் பொருந்துகிறதா என்பதை வாங்கும் அன்றே மாட்டிப் பார்க்க வேண்டும். 23 சென்டிமீட்டர் சுவரில் 15 சென்டிமீட்டர் வாய்க் கொக்கி உட்காராது.

வரிசை: அக்கா முதலில், தம்பி அடுத்து, குழந்தையை மார்போடு தூளிப்பையில் கட்டிய அம்மா கடைசி. அதற்குள் அப்பா பாட்டியைச் சந்தின் முனையில் விட்டுவிட்டு ஏணியடிக்கு வந்துவிடுவார். அவர் வர நேரமானாலும் கதவு மூடிய அறையில் அவசரம் இல்லை. தூளிப்பை தொட்டில் கம்பியிலேயே தொங்கும். அது ஓர் அலங்காரப் பொருள் இல்லை என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சொல்லிவிட வேண்டும். குழந்தையைக் கையில் ஏந்தினால் அம்மாவால் தவழ முடியாது, கதவைத் திறக்க முடியாது, ஏணியைப் பிடிக்கவே முடியாது.

பிள்ளைகள் முன்னறையிலிருந்து பின்னறைக்கு மூன்று மீட்டர் முற்றத்தைக் கடக்க வேண்டும். அலாரம் அடித்ததும் அக்கா தம்பியை இழுத்து எழுப்பி, கதவருகே போய், புறங்கையால் கதவையும் கைப்பிடியையும் தொட்டுப் பார்க்கிறாள். சூடு இல்லை என்றால் ஒரு சாண் திறந்து பார்க்கிறாள். முற்றம் தெளிவாக இருந்தால் இருவரும் குனிந்து கடந்து அம்மாவிடம் போகிறார்கள், இரு கதவும் பின்னால் சாத்தப்படுகின்றன. புகை நிறைந்திருந்தால் உடனே சாத்திவிட்டு, கதவடிச் சந்தில் போர்வையைத் திணித்து, பால்கனிக்குப் போய், ஹால் ஜன்னலுக்கு எட்டத்தில் உள்ள வலது ஓரத்தில் நின்று, பால்கனிக் கதவையும் சாத்திவிட்டு, அங்கே கட்டிவைத்த விசிலை ஊதுகிறார்கள். இந்த ஒரு முடிவைத்தான் அக்கா தனியாக எடுக்க வேண்டும். அதனால் ஒத்திகையில் அதிக நேரம் இதற்கே கொடுத்தோம்.

புறங்கை ஏன் என்று தம்பி கேட்பான். சூடான உலோகத்தில் உள்ளங்கை பட்டால் தன்னை அறியாமல் இறுகப் பற்றிக்கொள்ளலாம், வெந்த உள்ளங்கையால் அதன்பின் எதையும் பிடிக்க முடியாது. காரணம் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

பூட்டும் தாழ்ப்பாளும்

பின்கதவின் மேல்தாழ்ப்பாளைக் கழற்றி, ஒரு மீட்டர் உயரத்தில் தட்டினால் விலகும் தாழ்ப்பாள் போட்டோம். வாசல் கிரில் கேட்டில் பூட்டுக்குப் பதிலாக உள்ளிருந்து திருகினால் திறக்கும் பூட்டு. அதைச் சுற்றித் தகடு அடித்ததால் வெளியிலிருந்து கைவிட்டுத் திருக முடியாது. சந்து கேட்டுக்கும் அதே ஏற்பாடு. தெருக் கேட்டுச் சாவி தனி வளையத்தில், பச்சைத் துணி கட்டி, வாசல் நிலையருகே தம்பிக்கு எட்டும் ஆணியில். இந்த ஆணியிலிருந்து சாவி வேறெங்கும் போகக் கூடாது. பகலில் எடுத்தவர் பையில் போட்டுக்கொண்டு போவதுதான் இந்த ஏற்பாடு உடையும் இடம். பைக்கு வேறு சாவி செய்துகொள்வதே மருந்து.

சந்திலிருந்த சைக்கிளும் சட்டங்களும் வெளியேறின. மின்வண்டி பேட்டரி எதையும் ஹாலிலோ படிக்கட்டடியிலோ சார்ஜ் போடுவதில்லை என்று முடிவானது. லித்தியம் பேட்டரி பற்றினால் நொடிகளில் வெடித்துச் சீறும், அது வெளியேறும் வழியில் இருக்கவே கூடாது.

ஒத்திகை

முதல் ஒத்திகை பகலில், சொல்லிவிட்டு, ஒவ்வோர் அடியாக. இரண்டாவது இரவில், விளக்கை அணைத்து. மூன்றாவது, எல்லாரும் தூங்கிய பின், அலாரப் பொத்தானை அழுத்தி. பாட்டியிடம் மட்டும் எப்போதும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தூக்கத்திலிருந்து பதறி எழுந்து விழுந்தால் இடுப்பு முறியும், ஒத்திகையே விபத்தாகிவிடும். ஏணியில் பிள்ளைகளை மேலிருந்து இறக்கிப் பழக்குவதும் வேண்டாம். கீழ்த்தள ஜன்னலில் மாட்டி நாலு படி ஏறி இறங்கட்டும். மேலே கொக்கி மாட்டிப் பழக வேண்டியது அம்மா மட்டும். வருடத்துக்கு இரண்டு ஒத்திகை போதும்.

இப்படிப்பட்ட ஒத்திகைகளில் என்னென்ன தவறும் என்பது ஏறக்குறையத் தெரிந்ததுதான். சின்னப் பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பயந்தால் ஒளிவது பிள்ளைகளின் இயல்பு. அதனால் "ஒளியாதே" என்பதைவிட "அக்கா கையைப் பிடி" என்று செய்ய வேண்டியதைச் சொல்லிப் பழக்குவது பலன் தரும். பெரியவர்கள் போனுக்காகத் திரும்புவார்கள். கதவைச் சாத்த எல்லாரும் மறப்பார்கள். ஒத்திகை முடிந்ததும் வீட்டுக்குள் திரும்பிப் போய் எந்தெந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று எண்ணுவது நல்ல பழக்கம்.

கூடும் இடம் தெருவுக்கு எதிர்ப்பக்க விளக்குக் கம்பம். முதலில் சொன்ன இடம் கேட்டுக்கு உள்பக்க மரத்தடி. அது ஹால் ஜன்னலிலிருந்து நாலு மீட்டர், தீயணைப்பு வண்டியின் குழாய் போகும் பாதையும்கூட. கம்பத்தடிக்கு வந்ததும் அப்பா தலை எண்ணுகிறார், அக்கா தீயணைப்புக்கு அழைக்கிறாள். அவள் சொல்ல வேண்டியது: முழு முகவரி, அடையாளம், எந்தத் தளத்தில் தீ, உள்ளே யாராவது இருக்கிறார்களா, இருந்தால் எந்த அறையில். "பின்பக்கம், மேல் அறை, ஒருவர்" என்று சொன்னால் வீரர்கள் நேரே அங்கே ஏணி வைப்பார்கள். தலை குறைந்தால் யாரும் உள்ளே திரும்பக் கூடாது, அறையைச் சொல்லி அனுப்ப வேண்டும். தம்பிக்கும் முகவரி மனப்பாடம் ஆக வேண்டும்.

தீயணைப்பானைப் பற்றி ஒரு வார்த்தை. குப்பைக்கூடை அளவு தீ, மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள், வெளியேறும் வாசல் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது: மூன்றும் சேர்ந்தால் மட்டும் பெரியவர் ஒருவர் முயலலாம். சோபா பற்றிய பின் அதை எடுக்கப் போவது நேரத்தை இழப்பதுதான்.

ஏணியும் இல்லை, வழியும் அடைபட்டது என்றால்: கதவைச் சாத்து, சந்தில் துணியைத் திணி, முடிந்தால் ஈரத்துணி, ஜன்னலருகே போய் வெளிர்நிறத் துணியை ஆட்டு. கண்ணாடியை உடைக்காதே. வெளியிலிருந்து புகை வந்தால் திறந்த ஜன்னலை மூடலாம், உடைத்த கண்ணாடியை மூட முடியாது. மேல்தளத்திலிருந்து குதிப்பது கடைசிக்கும் கடைசி. அப்போதும் நேராகக் குதிக்காமல், விளிம்பைப் பற்றி உடலை முழுக்கத் தொங்கவிட்டுக் கையை விட வேண்டும். பெரியவர் ஒருவர் கையை உயர்த்தித் தொங்கினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் குறையும். 4.6 மீட்டர் வீழ்ச்சி 2.6 ஆகும்.

திட்டம் பழசாகும் நாள்

காகிதத்தில் எழுதியது இரண்டு பக்கம்: தளத்துக்கு ஒரு வரைபடம், ஆளுக்கு இரண்டு வரி. இதைத் திருத்த வேண்டிய நாள்களும் அதிலேயே இருக்கின்றன. குழந்தையின் எடை தூளிப்பையின் அளவைத் தாண்டும் நாள். குழந்தை நடக்கத் தொடங்கி, படியோரம் தடுப்புக் கேட் போடும் நாள். அந்தத் தடுப்பை இருட்டில் ஒரு கையால் திறக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டி கைத்தடியை விட்டு நாலுகால் வாக்கருக்கு மாறும் நாள்; வாக்கரின் அகலம் 65 சென்டிமீட்டர், சமையலறை நிலையின் அகலம் 70. இடையில் மிஞ்சுவது பக்கத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர். அந்த நிலையருகே இருக்கும் தண்ணீர்க் குடம் அன்றே நகர வேண்டும்.